முன்கூடத்தில் கட்டிய கப்பல்

சரக்குக் கப்பலை விமானந்தாங்கிக் கப்பலாக மாற்ற என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு காலத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் படித்தது சிங்கப்பூரில். வரைந்தது மலாக்காவின் காஜா பெராங்கில், எங்கள் வீட்டு முன்கூடத்தில். அந்தக் கூடத்தில் அதற்கு முன் அப்பா இருந்தார்.

சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையின் வரைபட அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் நோய் கண்டு, நீண்ட ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மலாக்காவுக்குத் திரும்பினேன். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடங்களாகியிருந்தன. வீட்டில் அப்பா மட்டும். துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். முன்கூடத்து சன்னலோரம் கட்டில். பகலெல்லாம் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாயங்காலமானால் அவருடைய நண்பர் வருவார். பக்கத்துக் கம்போங் குடியிருப்பைச் சேர்ந்த மலாக்கா செட்டி. நகராட்சி லோரி ஓட்டியவர். பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர், ஆனாலும் தமிழ் வராது. இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குள் அவர் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றி நின்றபடியே பேசுவார்.

"என்ன அபாங், கால் முளைச்சிடுச்சா?"

"முளைச்சா முதல்ல உன்னைத்தான் உதைப்பேன்."

அபாங் என்றால் மலாயில் அண்ணன். தினமும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அப்பா சிரிக்கும் சத்தம் கிணற்றடி வரை கேட்கும்.

நாடு சுதந்திரம் பெறப் போகிறது என்று எங்கும் பேச்சாக இருந்த காலம் அது. புது நாட்டுக்குக் கடற்படை வேண்டும், கடற்படைக்கு விமானம் வேண்டும். விமானந்தாங்கியைப் புதிதாகக் கட்ட நம்மிடம் வசதி ஏது? ஆனால் போர்க்காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கோதுமை ஏற்றும் கப்பல்களின் மேல் தட்டையான தளம் போட்டு விமானங்களைப் பறக்கவிட்டிருந்தார்கள். கீழே கோதுமை, மேலே விமானம். தானியத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம், பாரந்தூக்கிகளும் பெரிய திறப்புகளும் தேவையில்லை. அதனால் தளம் போட இடைஞ்சலில்லை. போர் முடிந்ததும் தளத்தைக் கழற்றிவிட்டு மறுபடியும் சரக்குக் கப்பலாகவே ஓட்டினார்கள். இந்த யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு சாதாரண சரக்குக் கப்பலை நம் நாட்டுக்காக இப்படி மாற்றும் திட்டத்தை வரைந்து, புது அரசாங்கத்திடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

வரைய நீளமான மேசை வேண்டும், வெளிச்சம் வேண்டும். இரண்டும் முன்கூடத்தில்தான் கிடைக்கும்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்பா" என்றேன்.

"வரை தம்பி. எனக்கென்ன, எங்க படுத்தா என்ன" என்றார் அப்பா.

கட்டிலைச் சமையலறைக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனேன். அந்த அறையின் சன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தது.

வேலையில் மூழ்கிப்போனேன். மேலே தளம் போட்டால் கனம் மேலேறும், அலையில் சாய்ந்த கப்பல் நிமிரத் தடுமாறும். அதற்காக அடியில் இரும்புப் பாரம் போட வேண்டும். புகைபோக்கியைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வருகிற விமானிக்குப் புகையில் தளம் தெரியாது. விமான எண்ணெய்க்கு இடம் தேடியபோது மாலுமிகள் தூங்கும் அறைகள் கண்ணில் பட்டன. அவர்களை இயந்திர அறையை ஒட்டி, காற்று வராத ஒரு மூலைக்குத் தள்ளினேன். பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். வீட்டில் நான் செய்திருந்ததும் அதுவேதான் என்று இப்போது எழுதுவது சுலபம். அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

நண்பர் வந்து சன்னலில் நின்று மேசையைப் பார்ப்பார். "கப்பல் பெரிசா இருக்கே. வாசல் வழியா வெளிய போகுமா?" என்பார். பிறகு என் தலைக்கு மேலாக, பின்னறையில் இருக்கும் அப்பாவோடு கத்திக் கத்திப் பேசுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் மழை. குடையோடு வந்தவர் வழக்கம்போலக் கம்பியில் முழங்கையை ஊன்றி, "அபாங்!" என்று குரல் கொடுத்தார். குடைநீர் மேசையில் கொட்டியது. மை போட்டு முடித்திருந்த மேல்தள வரைபடம் அங்கேதான் விரிந்து கிடந்தது. கஞ்சி ஏற்றிய வரைபடத் துணி அது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெளுத்துச் சுருங்கியது.

"இது என்ன உங்க கம்போங் காப்பிக் கடையா? வேலை வெட்டி இல்லாதவங்க நிக்கிற இடமா?" என்று மலாயில் கத்தினேன். சன்னலை அவர் முகத்துக்கு நேரே சாத்தினேன்.

சைக்கிள் நகரும் சத்தம் கேட்டது. இரவு சாப்பிடும்போதுதான் அப்பா பேசினார்.

"தம்பி, ஒரு நடை போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன். என்னால நடக்க முடிஞ்சா நானே போயிடுவேன்."

"நாளைக்குப் போறேன்பா."

போகவில்லை. கூப்பிடு தூரத்தில் வீடு. என்னைவிடப் படிக்காதவரிடம் போய் நிற்பதா என்ற கௌரவம்தான். வேறு காரணம் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டேன். அப்பா மறுநாளும் கேட்டார், அதற்கு அடுத்த நாளும் கேட்டார். பிறகு கேட்கவில்லை. நண்பரும் வரவில்லை.

சுதந்திரம் வந்தது. வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கோலாலம்பூர் போனேன். ஓர் அதிகாரி பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க. எங்களுக்கு இப்ப வேண்டியது கரையோரம் சுத்தி வர்ற சின்னப் படகுங்க" என்று சொல்லி, அவரே கவனமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வந்த அன்றே மேசையை மடக்கிவிட்டு, அப்பாவின் கட்டிலைப் பழைய இடத்தில் போட்டேன். தளத்தைக் கழற்றினால் கப்பல் மறுபடியும் சரக்குக் கப்பல்தானே. அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா சன்னலோரம் உட்கார்ந்தார். சாயங்காலமானதும் சட்டையை மாற்றிக்கொண்டார். சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். யார் யாரோ போனார்கள். இருட்டியபின், "சன்னலைச் சாத்திடு தம்பி, கொசு வருது" என்றார். அதன்பின் ஒவ்வொரு நாளும் அப்படியே. அப்போதாவது நான் போயிருக்கலாம். இத்தனை நாள் கழித்துப் போய் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா அந்தக் கட்டிலிலேயே போனார். செய்தி கேட்டு நண்பர் வந்தார். உடம்பை முன்கூடத்தில்தான் கிடத்தியிருந்தோம். அவர் உள்ளே வரவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு சன்னலுக்கு வந்து, கம்பியைத் தொடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

"உள்ள வாங்க" என்றேன்.

"இல்ல. நான் எப்பவும் இங்கதான் நிப்பேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் மலாயில் ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். அது எனக்கான பேச்சு இல்லை. நான் உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது அந்தச் சன்னலோரத்தில் கிடப்பது என் கட்டில். சாயங்காலங்களில் சன்னலைத் திறந்துதான் வைக்கிறேன்.