திரையின் முதுகு

ஆடிட்டர் சாரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகமல்ல, அவர் மேசையிலிருந்த கணினித் திரையின் முதுகு. தூசி படிந்த கறுப்புப் பிளாஸ்டிக், அதன்மேல் ஒட்டிய பிள்ளையார் படம். போடியில் வரிக் கணக்குக்காக அவரிடம் வந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். திரையின் முகம் சாருக்கு மட்டும். உண்மையில் அவர் ஆடிட்டரே இல்லை; கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

பி.காம் முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குத் தேடுவது ஒரு பைத்தியம். சாப்பாட்டு நேரத்தில் வரித்துறை இணையதளத்தை நோண்டிக்கொண்டே இருப்பேன். நம் பேச்சில் கேட்டால் அது ஊமையாக நிற்கும். சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ அதைச் சொன்னால்தான் வாய் திறக்கும். நோட்டீஸ் பக்கம் காலியாக இருக்கிறதே என்று மூடிவிடக் கூடாது; 'கூடுதல் நோட்டீஸ்' என்று இன்னொரு பக்கம் தள்ளி ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும்விட அருமை, பொதுத் தேடல். ஒருவருடைய ஜி.எஸ்.டி. பதிவு எண்ணை அடித்தால் போதும், அது உயிரோடு இருக்கிறதா என்று கடவுச்சொல் கேட்காமலே சொல்லிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"சார், இத வர்றவுகளுக்கே காட்டிக் குடுத்துரலாமே?"

"ஏம்மா, அவுகளுக்கே தேடத் தெரிஞ்சா இங்கன எதுக்கு வாராக? ஒன் மூஞ்சியப் பாக்கவா?" என்று சிரித்தார். எல்லோருடைய பதிவிலும் அவருடைய கைபேசி எண், அவருடைய மெயில். 'அவுகளுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கட்டும்' என்பார்.

அவரிடம் வந்தவர்களில் ஒரு ஏலக்காய் அக்கா உண்டு. சின்னக் கொட்டகை போட்டு, பெண்களை வைத்துக் காய் தரம் பிரித்து விற்பவர். பதிவு எண் உயிரோடு இருந்தால்தான் ஏலத்தில் காய் எடுக்க முடியும். ஒரு வருடம் வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுக்கக் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த வாரம் பார்த்து ஆய்வுக்கு வந்த அதிகாரி பூட்டைக் கண்டு, இங்கே வியாபாரமே நடக்கவில்லை என்று எழுதிவிட்டார். அதற்கு விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ் சாரின் மெயிலில் படிக்கப்படாமலே கிடந்தது.

ஏலக் கூடத்திலிருந்து அக்கா ஓடி வந்தார். "ஒங்க நம்பரு செத்துப் போச்சுங்கிறான் சார்! சாமிக்குப் போறவ கொட்டாயப் பூட்டாம தொறந்து போட்டுட்டா போவா?"

"நோட்டீஸே வரலையே. மேலிடத்துல ஏதோ சிக்கல்" என்றார் சார். அவர் பார்த்தது முதல் பக்கம். நான் எட்டி மற்றப் பக்கத்தைத் திறந்தேன். இருந்தது. பதில் சொல்லவேண்டிய நாள் கடந்து, அதன் கீழேயே ரத்து உத்தரவு. திரையை அக்கா பக்கம் திருப்பினேன். சார் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, பழையபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காவோ பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டகைப் படம், மின்கட்டண ரசீது எல்லாம் சேர்த்து, ரத்தை நீக்கக் கேட்டு மனு எழுதியது நான். நல்ல காயெல்லாம் கைமாறி முடிந்த பிறகுதான் எண்ணுக்கு உயிர் வந்தது. அதற்குள் கொட்டகைப் பெண்கள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா முதல் தரக் காயில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து சாரின் மேசையில் வைத்தார். "சார் மேலிடத்துல பேசி மீட்டுக் குடுத்தாக தாயி" என்று என்னிடமே சொன்னார். சார் மறுக்கவில்லை. ஒரு காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு வாசனை வந்தது. அந்த மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டேன்.

இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே எனக்கென்று ஒரு கடை. திரை வருகிறவர்களைப் பார்த்துத்தான் இருக்கும். அது அவர்களுக்கு ஒப்பவில்லை. "எல்லாத்தையும் எனக்கே காட்டுனா, அப்ப நீ எதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஒருவர் நேராக சாரிடம் போனார். பதிவில் உங்கள் கைபேசி எண்ணையே போட்டுக்கொள்ளுங்கள் என்று ஏலக்காய் அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

அக்காவின் பதிவு எண் மட்டும் என் விரல்களுக்குப் பழகிவிட்டது. கடை திறந்ததும் அதைத்தான் முதலில் அடிப்பேன். இந்த வருடத் திருவிழா முடிந்து இன்று காலை அடித்தேன். 'சஸ்பெண்டட்' என்று வந்தது; தற்காலிக நிறுத்தம். திருவிழாவுக்குப் போட்ட அதே பூட்டாகத்தான் இருக்கும். உடனே போன் போட்டேன்.

"அக்கா, இன்னும் ரத்தாகல. பதில் சொல்ல நாள் இருக்கும். இப்பவே வாங்க, காட்டுறேன்."

"போன தடவ மீட்டவுக இந்தத் தடவையும் பாத்துக்கிருவாக தாயி. ஒனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

சாருக்கும் அடித்தேன். எடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் விசாரித்தால், திருவிழாவுக்குப் பூட்டிய அவர் அலுவலகம் இன்னும் திறக்கவில்லையாம். என் மேசையில் திரை, எதிரே உள்ள காலி நாற்காலிக்கு அந்த ஒரு வார்த்தையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.