மடக்குச் சவளும் என் சோதனைக் காலமும்

மடக்குச் சவள், அதாவது மடித்துப் பைக்குள் வைக்கும் மண்வாரி, விற்பவருக்கு ஒரு தனித் துன்பம் உண்டு: வாங்க வருகிற எவருக்கும் குழி வெட்டும் எண்ணமே இருப்பதில்லை.

ஒருவருக்கு அதில் விறகு பிளக்க வேண்டும். இன்னொருவருக்குப் போத்தல் திறக்க வேண்டும். மூன்றாமவருக்கு அது காரின் பின்பெட்டியில் சும்மா கிடந்தால் போதும், நிம்மதியாக நித்திரை வருமாம். கடையில் நின்று கால் வீங்கி, சொன்னதையே சொல்லி வாய் வலித்த சகோதர சகோதரிகளே, நீங்கள் எதை விற்றாலும் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

காடு மலை என்று திரிகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் ஒரு கடையில், ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நிற்கிறேன். அதற்கு முன்பு பல வருடங்கள் ஒரு ஹோட்டலின் ஜன்னலில்லாத சலவை அறையில் நின்றவள். அதனால் முதல் ஆறு மாதச் சோதனைக் காலம் முழுவதும் எனக்கு ஒரே ஆசைதான், ஒரே பயம்தான். இந்த வேலை நிரந்தரமாக வேண்டும், திரும்பவும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

கூடார அனுபவம்

நேர்முகத்தில் மேலாளர் பிரிங்க்மன் கேட்ட முதல் கேள்வியே, கூடாரத்தில் தங்கியிருக்கிறீர்களா என்பதுதான். ஒரு மாரி காலம் முழுக்கத் தங்கினேன் என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு மாரி காலமா, எந்த மலையில் என்று கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். மலை இல்லை, இலங்கையில் வன்னி, யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது என்று சொன்னேன்.

அவர் கதிரையைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளினார். சரி, போச்சு என்று நினைத்தேன். இந்த ஊரில் நம்மைப் பார்த்து ஒருவர் இரங்கத் தொடங்கினால் வேலை கிடைக்காது, தேத்தண்ணிதான் கிடைக்கும். பிரிங்க்மன் இரங்கவில்லை. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே சொன்னார்: “அப்படியானால் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தெரியும். சவள் பகுதி உங்களுக்கு.”

திருவலைச் சோதனை

மலர் அக்கா எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நான் புதிதாகச் சேர்ந்த இடத்தைப் பார்க்க ஒரு சனிக்கிழமை வந்தார். தமிழ்க் கடையிலிருந்து நேரே வந்தவர், கையில் மரக்கறிப் பை. என் சவள் ஒன்றை எடுத்து, அலகின் ஒரு பக்கம் பல்லுப் பல்லாக இருப்பதைத் தடவிப் பார்த்தார்.

“தங்கச்சி, உதிலை தேங்காய் திருவலாமே?”

“ஏலாது அக்கா. உது வேர் அறுக்கிற பல்லு.”

“வேரையே அறுக்குமெண்டால் தேங்காய்க்கு என்ன? கொண்டாங்கோ பாப்பம்.”

நான் தடுப்பதற்குள் பைக்குள்ளிருந்து தேங்காய் வெளியே வந்துவிட்டது. சவளின் பின்புறத்தால் ஒரே அடி. தேங்காய்த் தண்ணீரை நான் பாய்ந்து ஒரு முகாம் கோப்பையில் பிடித்தேன். அக்கா விற்பனைக்கு வைத்திருந்த மடக்கு ஸ்டூலில் குந்தி, சவளை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு திருவத் தொடங்கினார். மலையேறும் சப்பாத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரர்கள் எல்லாரும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் படம் எடுத்தார். இரண்டு பேர் அந்த இடத்திலேயே சவள் வாங்கினார்கள். தூரத்தில் பிரிங்க்மன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா மட்டும் எதையும் கவனிக்காமல், விழுந்த தேங்காய்ப்பூவை இரண்டு விரலால் நசித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: “சொதிக்குப் பால் பிழியக் காணும். சம்பலுக்குச் சரிவராது.”

விசில்

சில சவள்களின் பிடி குழல் போன்றது. திருகிக் கழற்றினால் உள்ளே சின்னக் கத்தி, நெருப்புப் பற்றவைக்கும் கம்பி, திசைகாட்டி, விசில் எல்லாம் இருக்கும். கார்த்திக் என்ற பையனுக்கு, பையன் என்ன, டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்யும் முப்பது வயதுக்காரர், அதைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. ஊர் கோயம்புத்தூர். டோர்ட்மண்டில் நண்பரைப் பார்க்க வந்த இடத்தில் கடைக்குள் நுழைந்தவர். “மேடம், லேப்ல எல்லாரும் சேர்ந்து ட்ரெக்கிங் போறோம். இது செம டூல் மேடம்! விசில் வொர்க் ஆகுதான்னு டெஸ்ட் பண்ணிக்கட்டுமா?” என்றார். அவருடைய சந்தோஷம் எனக்கும் தொற்றிவிட்டது. ஊதுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் தீ விபத்துப் பயிற்சி நடக்கும் என்று வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்ததை நான் மறந்துபோனேன். ஜெர்மன்காரர்கள் மறப்பார்களா? விசில் சத்தம் அடங்குவதற்குள், காசாளர் யானா மஞ்சள் அங்கியை மாட்டிவிட்டாள். வாடிக்கையாளர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, தள்ளாமல், ஓடாமல், வரிசையாகக் கார் தரிப்பிடத்துக்குப் போய் நின்றார்கள். ஒரு சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் மற்றக் காலில் காலுறையோடு நின்றார். நானும் பிரிங்க்மனும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு உள்ளே கூட்டி வந்தோம். கார்த்திக் விசிலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், பிறகு சவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காசு கட்டப் போனார்: “நானே வாங்கிக்கறேன் மேடம். வாய் வெச்சதை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாதுல்ல.”

முக்கியமான பயன்பாடு

மடக்குச் சவளைக் காட்டுக்குக் கொண்டுபோவதன் முக்கியமான காரணத்தை நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். நம்மவர்களிடம் அவசரத் தேவைக்கு என்பேன், அவர்களும் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். ஜெர்மன்காரர்களிடம் அந்தக் கூச்சமே கிடையாது. எழுபது வயதுத் தம்பதி ஒன்று வந்தது. காலைக்கடனுக்கு எத்தனை ஆழம் வெட்ட வேண்டும், மண் கல்லாக இருந்தால் என்ன செய்வது என்று அந்த அம்மா கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். கணவர் ஒரு சவளைத் தெரிவு செய்து முடித்ததும் அம்மா இன்னொன்றையும் எடுத்தார். இரண்டு எதற்கு, ஒன்று போதுமே என்றேன். விற்பனையாளர் சொல்லக்கூடாத சொல் அது. அவர் கணவரை மேலும் கீழும் பார்த்தார்: “இவர் குழியை வெட்டுவார், மூடமாட்டார். மூடுவதற்கு எனக்குத் தனியாக ஒன்று வேண்டும்.”

தேர்

சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. வாடிக்கையாளர்களைத் திங்கட்கிழமை காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சவள் பயிற்சி கொடுக்கும் பொறுப்பைப் பிரிங்க்மன் என்னிடம் தந்தார். அதுதான் கடைசிப் பரீட்சை என்று ஒளிக்காமல் சொன்னார். பயிற்சிக்கான புதுச் சவள்கள் ஒரு பெட்டி நிறைய என் காரில் ஏறின. ஒரு கீறல் படக்கூடாது, பெட்டியைக் காட்டில்தான் திறக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக் கோயிலில் தேர். முதல் நாள் முழுக்க மழை. வளைவில் திரும்பும்போது தேரின் பின் சில்லு தார் வீதியை விட்டு இறங்கி, புல்லுக்குள் புதைந்துவிட்டது. அரோகரா என்று இழுத்தார்கள், அசையவில்லை. திரும்ப இழுத்தார்கள், இன்னும் கொஞ்சம் இறங்கியது. வீதியை அடைத்துத் தந்திருந்த பொலிஸ்காரர், நேரம் முடியப் போகிறது என்று கடிகாரத்தைக் காட்டினார். கோயில் நிர்வாகி சிவம் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. “இண்டைக்கு நேரம் தப்பினால் வாற வருசம் வீதி தரமாட்டாங்கள், பிள்ளை. பிறகு தேர் இல்லை,” என்றார்.

எனக்குள் சலவை அறையும் தேரும் மாறி மாறி வந்தன. பிறகு என் கால்கள் காரை நோக்கி ஓடின. பெட்டியைக் கிழித்தேன், சவள்களை விரித்துக் கொடுத்தேன். பெடியள் ஆவேசமாகக் குத்தினார்கள், மண் வரவில்லை. நிமிர்ந்த சவளைக் காலால் மிதித்துத்தான் இறக்க வேண்டும். கோயில் வீதியில் யார் காலில் சப்பாத்து இருக்கிறது? எல்லாரும் வெறுங்கால். நான் பிடியின் கழுத்தைத் தளர்த்தி, அலகைப் பாதி மடித்துத் திரும்ப இறுக்கி, மண்வெட்டி போலத் தூக்கிக் காட்டினேன். “மிதிக்காதேங்கோ! முழங்காலிலை இருந்து உங்கடை பக்கம் இழுங்கோ!” என்று கத்தினேன். அவ்வளவுதான், சேறு பறந்தது! சில்லுக்கு முன்னால் சரிவு வெட்டிப் பலகை போட்டார்கள். வடம் இறுகியது. தேர் ஒரு ஆட்டம் ஆடி மேலே ஏறியபோது, நானும் சேற்றுக் கையோடு தொண்டை கிழியக் கத்தினேன், அழுதேன், சிரித்தேன்.

சவள்களைக் கழுவி வாங்கலாம் என்று போனால், அதற்குள் யாரோ பக்தியாகக் கழுவி, ஒவ்வொரு அலகுக்கும் திருநீற்றுப் பட்டையும் சந்தனமும் குங்குமப் பொட்டும் வைத்து, பூவும் சாத்தி அடுக்கியிருந்தார்கள். துடைக்கப் போன என் கையைச் சிவம் அண்ணை பிடித்துக்கொண்டார்: “சாமிக்கு வேலை செய்த சாமான், பிள்ளை. பொட்டை அழிக்காதேங்கோ.”

திங்கட்கிழமை

அழிக்க எனக்கும் மனம் வரவில்லை. பொட்டு வைத்த சவள்களைப் பிரிங்க்மனின் மேசையில் பரப்பினேன். இது துருவா என்று கேட்டார். குங்குமம் என்றேன், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். சவள்களுக்கான காசைச் சம்பளத்தில் கழிக்கலாம், ஆனால் நேற்றைய நாள் திரும்ப வந்தாலும் பெட்டியைக் கிழிப்பேன் என்றும் சொன்னேன்.

அவர் ஒவ்வொரு சவளாக எடுத்து, மடிப்பை அசைத்து, அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எதுவும் வளையவில்லையா என்றார். இல்லை என்றேன். ஒன்றுகூடவா என்று எழுந்தே நின்றுவிட்டார். உங்கள் பரீட்சை நேற்றே முடிந்துவிட்டது, இந்தப் பொட்டுகளோடேயே சவள்களைப் பயிற்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து நிரந்தர ஒப்பந்தத்தை எடுத்து, என் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினார்: “அடுத்த வருடத் தேருக்கு என்னையும் கூப்பிடுங்கள். கழற்ற வேண்டியது சப்பாத்தையா, சட்டையையா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.”

ஆக, சக பாட்டாளிகளே, மடக்குச் சவளால் என்னென்ன செய்யலாம் என்று பெட்டியில் பதினெட்டு மொழிகளில் அச்சடித்து வைத்திருந்தாலும், வேலையை நிரந்தரமாக்கும் என்பதை ஒரு மொழியிலும் போட மறந்துவிட்டார்கள்.