கோமதியின் எண்ணூறு மீட்டர்

ஈரமான கேன்வாஸ் ஷூவுக்கென்று ஒரு வாடை உண்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எதுவும் லேசில் காயாது. நான் கல்யாணமாகி வந்த முதல் ஆனி மாதம் முழுக்க, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் அந்த வாடைதான்...

அங்கே காயவைத்திருந்த ஷூ என் நாத்தனார் கோமதியுடையது. அப்போது பத்தாம் வகுப்பு. என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. வீட்டில் அத்தை, கோமதி, நான். மூன்று பேரும் டிவியைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவோம். பெரிதாகப் பேச்சு இருக்காது.

ஒருநாள் மாடியில் துணி எடுக்கும்போது அவளாகவே கேட்டாள்.

“மைனி, நீங்க ஸ்கூல்ல எண்ணூறு மீட்டர் ஓடுவீங்களாம்லா? அண்ணன் சொன்னான்.”

ஓடியிருக்கிறேன், கீழப்பாவூரில் இருந்தபோது. பள்ளிக்கூடம் முடிந்ததோடு அதுவும் முடிந்தது.

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். போன வருடம் போட்டியில் இரண்டாவது சுற்றில் இவள்தான் முன்னால் போயிருக்கிறாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தன்னைத்தான் என்று நினைத்து, பாதியிலேயே டிராக்கை விட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டாள். இந்த வருடம் ஸ்கூல் டீமுக்கு ஆள் எடுக்க மூன்று வாரம்தான் இருந்தது.

“ஓட்டம் வருது மைனி. ஆள் பாத்தாத்தான் காலு வரமாட்டேங்கு.”

காலி மைதானத்தில் ஓடவிட்டு செல்போனில் நேரம் பார்த்தேன். நன்றாகவே ஓடினாள். அவளுக்கு வேண்டியது வேறு பயிற்சி என்று புரிந்தது. மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டியில் ஏற்றி ஐந்தருவி ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். சீசனில் அந்த ரோட்டில் வேடிக்கை பார்க்க ஆளுக்கா பஞ்சம்?

நூறு அடிகூடத் தாண்டியிருக்கமாட்டாள். ஒரு வேனிலிருந்து விசில் வந்தது. நின்றுவிட்டாள். பாலத்துச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

“வீட்டுக்குப் போயிருவோம் மைனி.”

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரலில் ஓட ஆரம்பித்தேன். ஓடி ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மக்காச்சோளம் அவிக்கிறவர் வாய்விட்டே சிரித்தார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“மைனி, எல்லாரும் ஒங்களத்தான் பாக்காங்க.”

“பாத்துட்டுப் போட்டும். நீ ஓடுட்டி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

அப்புறம் தினமும் போனோம். நான்காம் நாள், சேறடித்த என் சுடிதாரை அத்தை பார்த்துவிட்டார்கள். மறைக்காமல் சொன்னேன்.

“நீயும் ஓடுதியா?”

“ஆமா அத்தை.”

அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார்கள். என்ன நினைத்தார்களோ என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நாங்கள் திரும்பி வந்தபோது, அடுப்படியில் உளுந்தங்களி இருந்தது. நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி... இரண்டு தட்டில்.

கோமதியை டீமில் எடுத்தார்கள். போட்டியன்று நான் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சுற்றில் யாரோ கத்தினார்கள். அவள் தலை திரும்பியது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், ஓட்டம் நிற்கவில்லை.

மூன்றாவதாக வந்தாள். மாவட்டப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான் போகமுடியும். ஆறுதல் சொல்லலாம் என்று எழுந்து போனேன். முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“கடைசி வரைக்கும் ஓடிட்டேன்லா மைனி?”

இப்போது கோமதி துபாயில் இருக்கிறாள். ஐந்தருவி ரோட்டில் சீசனுக்கு வரும் கார்களுக்கு நடுவே நடப்பதே பெரும்பாடு. என் முழங்காலும் முன்னைப்போல் இல்லை. போன வாரம் வாட்ஸ்அப்பில் அவள் குரல் வந்தது.

“இங்கன ஜிம்முல ஏசியில ஓடுதேன் மைனி. நனையவும் இல்ல, வேர்க்கவும் இல்ல. பக்கத்துல நீங்க மூச்சு வாங்குத சத்தம் இல்லாம ஒரு மாதிரி இருக்கு.”

மூன்று தடவை கேட்டேன். பிறகு பதில் அனுப்பினேன்.

“ஆனியில லீவு போட்டுட்டு வா. ஆனா மெதுவாத்தான் ஓடணும், இப்பவே சொல்லிட்டேன்.”