கலிங்கு காத்த உடையப்பன்

திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் உடையப்பனுடையதுதான். மைக் அவருடையது என்பதால் கருத்தும் அவருடையதாகவே இருக்கும். மணமக்களை வாழ்த்தி, விலைவாசியைத் திட்டி, அரசாங்கத்துக்கு இரண்டு யோசனை சொல்லிவிட்டுத்தான் மனுஷன் பாட்டே போடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஊருக்குள் எந்த மனையும் பிடிக்கவில்லை. ஊர் ஏரியான கண்மாய்க்குள்ளேயே, கரைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் வந்து பரவுகிற சரிவில் வீடு கட்டினார். "இங்கிட்டுத் தண்ணி வந்து யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். நாலைந்து வருடம் வானம் ஏமாற்றினால் கண்மாய் தன் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுமா? யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மைக்கில் பதில் வரும்.

இந்த ஐப்பசியில் பேய்மழை. கண்மாய் நிறைந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருப்பவை. மேலே நிறைந்தால், கரையில் கட்டியிருக்கும் கலிங்கு என்ற கல்தடுப்பைத் தாண்டி மிச்சத் தண்ணீர் கீழூர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அடுத்தது, அப்புறம் ஆறு, அப்புறம் கடல். கலிங்கின் உயரம் எதுவோ அதுதான் கண்மாயில் தண்ணீரின் உயரம். இதில் வேறு ரகசியம் கிடையாது.

தண்ணீர் உடையப்பன் வீட்டு வாசற்படியைத் தொட்டு நின்றது. வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. அவர் மனைவி அழகம்மாளின் நகையெல்லாம் அந்தச் சுவருக்குள் போயிருந்தது. "ஏங்க, படி நனைஞ்சிருச்சுங்க" என்றார் அழகம்மாள். "கங்கையே வந்து காலைக் கழுவுதுன்னு நெனைச்சுக்க" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீர் கீழூருக்குப் போவது பொறுக்காமல் உடையப்பன் மைக்கைத் தூக்கிக்கொண்டு கலிங்குக்குப் போனார்.

"நம்ம மழை, நம்ம தண்ணி! ஒரு சொட்டு கீழூருக்குப் போகக் கூடாது!" மழைக்கும் பட்டா வாங்கிவிட்டார் போல! இளவட்டங்கள் கலிங்கின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கீழூர் விவசாயி சுந்தரேசன் ஓடிவந்து, "எங்க கண்மாய் பாதிகூட நெறையலைண்ணே, நடவு நட்டுட்டு நிக்கிறோம்" என்று கெஞ்சினார். உடையப்பன் சத்தத்தைக் கூட்டினார்.

இரவெல்லாம் மழை. வியாழக்கிழமை காலையில் புது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பந்தல் நாற்காலிகளும் ஸ்பீக்கர் பெட்டிகளும் மிதந்தன. "எவனோ மேல டேமைத் தொறந்து விட்டுட்டான்!" என்று கத்தினார் உடையப்பன். மேலே பாறையும் கருவேலமும்தான் உண்டு.

"டேமாவது, மண்ணாங்கட்டியாவது!" அழகம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அங்கிட்டு நீங்க அடுக்குன ஒசரந்தான் இங்கிட்டு வீட்டுக்குள்ள நிக்குது. போய் எடுங்க, போங்க!"

பாவம், மூட்டைகளை அவரே இழுத்துப் போட்டார். கண்மாய் மெல்ல இறங்கியது. கீழூர்க் கண்மாய் நிறைந்தது.

அடுத்த வாரம் கீழூர்க்காரர்கள் மேளத்தோடும் மாலையோடும் அவர் வீட்டுக்கே வந்தார்கள். ஒருபுறம் அழகம்மாள் ஊறிப்போன மெத்தையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சேறு அப்பிய வாசலில் பொன்னாடையோடு நின்று உடையப்பன் பேசினார்: "தண்ணீர் எல்லாருக்கும் பொது! அந்தக் கொள்கைக்காகத்தான் மூட்டைகளை என் கையாலேயே எடுத்தேன்!" எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுந்தரேசன் பணிவாக மைக்கை வாங்கிக்கொண்டார். "அண்ணனுக்கு ரொம்ப நன்றி. ஒரே ஒரு கோரிக்கை. யாரு வந்து சொன்னாலும் இந்த வீட்டை மட்டும் இடிச்சிராதீங்கண்ணே. இது இங்க இருக்குற வரைக்கும் எங்களுக்குத் தண்ணி தானா வந்துரும்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பதில் சொல்ல உடையப்பன் வாயைத் திறந்தார். மைக் அவர் கையில் இல்லை.