மருமகளின் விசாவுக்குப் போன நாள்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வெளிநாடு போக, மகனும் மருமகளும் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து, விசா எடுத்துத் தரும் பாலக்காட்டு டிராவல்ஸுக்கு நானும் கூடப் போனேன். ஏழு வருடமாக மருமகளை மலடி என்று ஏசியவள் நான்.

அங்கே வேலை செய்யும் பெண், விசாவுக்காகக் கொடுத்த டாக்டர் கடிதத்தைப் படித்தாள்.

"மருமகளுக்கு என்ன கொறைன்னு போட்டிருக்குது கண்ணு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. கொறை உங்க பையனுக்குத்தானுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சாமி?" என்று மருமகளைக் கேட்டேன்.

"அவரை ஊருக்குள்ள ஆரும் எளப்பமாப் பேசிரக் கூடாதுங்கத்தை" என்றாள்.

விசா கிடைத்தது, போய் வந்தார்கள். குழந்தை இன்னும் தங்கவில்லை. யாராவது அவளைக் குறை சொன்னால் இப்போது நான்தான் சண்டைக்குப் போகிறேன். ஆனால் அவளிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.