கடைசித் திருப்பத்தில் இறங்கிய ராசா

பழைய லண்டன் ஊர்வலங்களைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நூலகத்தில், மழைக்கு ஒதுங்கிய நாட்களில் படித்தவைதான். முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்பு புது மேயர் பதவியேற்கும் நாளில் வியாபாரிகள் தெருவில் காட்சி வண்டிகள் விடுவார்களாம். பலசரக்கு வியாபாரிகளின் வண்டியில் கிழக்கு நாட்டு ராசா வேஷத்தில் ஒருவன் வருவான். வாசனைச் சரக்குகளைச் சனத்துக்கு அள்ளி எறிவார்கள். ராசாவாவது ஒன்றாவது, கூலிக்கு வேஷம் கட்டிய ஆள்.

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய பென்டில் ஹில்லில், நான் வேலை செய்த பலசரக்குக் கடையில் இதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் ஒருமுறை நகர கவுன்சில் ஒரு தெரு ஊர்வலம் அறிவித்ததும் கடைக்கார அண்ணர் துள்ளினார். "நாங்களும் ஒரு ராசாவை ஏத்துவம். இவ்வளவு நாளும் காசுக்கு வாங்கின சனம், ஒருநாள் சும்மா வாங்கட்டுமன்!"

கடையில் அரிசி மூட்டை இறக்குபவர்தான் ராசா. உயரமும் மீசையும் அவரிடம்தான் இருந்தன. மேயர் நிற்கும் மேடைக்கு எதிரே பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள். அதில் அவருடைய மகளும் ஒருத்தி. "அப்பா ராசா எண்டு வகுப்பு முழுக்கச் சொல்லிப்போட்டாள், அண்ணை. இனி நான் தும்மவும் ஏலாது" என்று சிரிப்பார்.

வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் ராசா உட்கார மினுங்கும் தாள் சுற்றிய கதிரை, தலையில் தங்கத்தாள் முடி, கொளுத்தும் வெயில். அவர் ஏலக்காய்ப் பொட்டலங்களை எறிந்துகொண்டே வந்தார். மேடைக்கு முந்திய திருப்பத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் கைகாட்டி மறித்தார். பக்கத்தில் பட்டுவேட்டியோடு ஒரு டொக்டர்.

"தம்பி, ஒருக்கா இறங்கும். பேப்பர்காரர் படம் எடுக்கினம். டொக்டர் இருந்தால்தான் எங்கட சனத்துக்கு மரியாதை."

"ஐயா, என்ர பிள்ளை அங்க நிக்கிறாள்..."

"பிள்ளை வீட்டிலையும் உம்மைப் பாக்கலாம்தானே! முடியைக் கழட்டும். மூட்டை தூக்கிற தலைக்கு அது பாரம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வண்டியோடு நடந்து வந்த கடைக்கார அண்ணர் தரையைப் பார்த்தார். டொக்டர் முடியை வாங்கி, உள்ளே வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தலையில் வைத்துக்கொண்டு கதிரையில் ஏறி உட்கார்ந்தார். தெருவில் குப்பை கிடக்கக் கூடாதென்பது கவுன்சில் கட்டளை. தலைவர் இறங்கிய ராசாவின் கையில் தும்புத்தடியைக் கொடுத்தார். அவர் உடைந்த பொட்டலங்களைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார். கூலி ராசாவை அந்த லண்டன் வியாபாரிகள் நடுவழியில் இறக்கியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

மேடையருகே வண்டி ஊர்ந்தது. என் ஜன்னலோரம் பிள்ளைகள். ஒரு வெள்ளைக்காரச் சிறுமி மூட்டை இறக்குபவரின் மகளிடம் கேட்டாள்: "விச் ஒன் இஸ் யுவர் டாட்?"

அவள் பின்னால் பார்த்தாள். தும்புத்தடியைப் பார்த்தாள். பிறகு மேலே கைநீட்டினாள்.

"தட் ஒன். த கிங்."

டொக்டர் அவளைப் பார்த்துக் கையசைத்து ஒரு பொட்டலம் எறிந்தார்.

பக்கக் கண்ணாடியில் அவளுடைய அப்பா தெரிந்தார். கேட்டிருக்க வேண்டும். கூட்டுவதை நிறுத்தவில்லை. தலையைக் குனிந்தபடியே, பிள்ளைகளுக்குத் தெரியாத மறுபக்கத்துக்குப் போய், அங்கே கூட்டத் தொடங்கினார்.