டிரில் மாஸ்டர் பெயர் படித்த வருடம்

வடசென்னையில் டோல்கேட்டுக்குப் பக்கத்துச் சாமியார் பள்ளிக்கூடத்தில் லியோனார்ட் டிரில் மாஸ்டராகச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். லியோனார்டும் நன்றாகக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்தான். ஒரு மழைநாள் ஆட்டத்தில் முழங்கால் முறுக்கிக்கொண்டதோடு பந்து போயிற்று, இந்த வேலை வந்தது. ஆறடி உயரம், கதவு போல அகலம், கையில் புளியங்குச்சி. அவர் மைதானத்தில் கால் வைத்தால் காக்கைகள்கூட வரிசையில் நிற்கும் என்று மற்ற வாத்தியார்கள் சொல்வார்கள். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் எஞ்சின். அது அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

1967 ஜூனில் ஹென்றி சாமியார் தலைமையாசிரியராக வந்தார். ஒல்லியான மனிதர், குரலே வெளியே வராது. வந்த இரண்டாம் வாரம் ஒரு பிஸ்கட் டின்னை வாங்கி, மூடியில் துளை போட்டு, பூட்டு மாட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பையன்களிடம் சொன்னார்: "உங்க மனசுல என்ன கஷ்டம் இருந்தாலும் எழுதி அதுல போடுங்க. பேர் எழுத வேணாம். யாரும் அடிக்க மாட்டாங்க."

அன்று மத்தியானம் லியோனார்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, டின்னின் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நானா சாமி? என்னைக் கண்டாலே பசங்க ஓடுறானுங்க."

"அதனாலதான். அவங்க பயத்தை முதல்ல நீங்க படிங்க. ஆனா படிக்கிறது நீங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது."

முதல் வெள்ளிக்கிழமை பதினொரு சீட்டுகள் இருந்தன. லியோனார்ட் விளையாட்டுச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். கணக்கு வாத்தியார் பொடி போட்டுத் தும்முவதால் முதல் பெஞ்சு நனைகிறது என்று ஒருவன் எழுதியிருந்தான். லியோனார்ட் விழுந்து விழுந்து சிரித்தார். எஞ்சின் விசில் ஊதினால் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடுகிறது என்று இன்னொருவன். அதற்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கடைசிச் சீட்டு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது.

"இந்த ஸ்கூலில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கருவாடு என்கிறார்கள். டிரில் சாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்."

லியோனார்ட் அதை நாலு தரம் படித்தார். யாராக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். காத்திவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மீனவர் வீட்டுப் பையன்கள் இருபது பேருக்கு மேல். எவனைக் கருவாடு என்று கூப்பிட்டோம்? நினைவுக்கு வரவில்லை. அத்தனை பேரையும் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறார், அதனால்தான். மற்றவர்களை மட்டும் என்ன செய்தார்? டேய் குட்டை, டேய் கொக்கு, டேய் மூணாவது லைன். ஐந்து வருடத்தில் முழுசாகப் பத்துப் பையன் பெயர் தெரியாது.

எழுதியவன் யாரென்று தெரியவில்லை. அப்படியானால் எல்லார் பெயரையும் படித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். நானூற்றுப் பதினாறு பையன்கள்.

வகுப்பு வாத்தியார்களிடம் வருகைப் பதிவேட்டை வாங்கி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தினமும் காலையில் ராயபுரத்திலிருந்து கடலோரமாக சைக்கிள் மிதிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவார். ஆறாம் வகுப்பு அ பிரிவு, அப்பாவு, அமலோற்பவம், அன்பழகன்... மீன் கூடையோடு எதிரே வந்த ஒரு அம்மா கேட்டாள்: "இன்னா சார், ஜெபமாலையா? எனுக்கும் சேத்து சொல்லு." லியோனார்ட் தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரே வகுப்பில் மூன்று ஜேக்கப் இருந்தார்கள். தண்டையார்பேட்டை இரட்டையர்களைப் பிரித்தறியவே ஒரு வாரம் போயிற்று. ஒருவனுக்குக் காதோரம் தழும்பு இருப்பதைக் கண்டுபிடித்த அன்று தனக்குத்தானே ஒரு டீ வாங்கிக் குடித்தார்.

பிறகு மைதானத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அங்கேதான் வினை. பையன்கள் பயந்து போனார்கள். இத்தனை நாள் பெயரே தெரியாமலிருந்த எஞ்சினுக்கு இப்போது பெயர் தெரிகிறது என்றால் ஏதோ மாட்டிக்கொண்டோம் என்றுதானே அர்த்தம்? கூப்பிட்டால் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் அழுதேவிட்டான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் காத்திவாக்கத்திலிருந்து கெங்கம்மா வந்து நின்றாள். கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவள். ஏழாம் வகுப்புப் பரசுராமனின் அம்மா. பையனையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னா சார் பண்ணான் எம்புள்ள? ரெண்டு நாளா சோறு துண்ண மாட்றான். கேட்டா, டிரில் சாரு எம்பேர சொல்லிட்டாருன்றான்."

"ஒண்ணும் பண்ணல கெங்கம்மா. சும்மா பேர் சொல்லிக் கூப்ட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

கெங்கம்மா மகனைப் பார்த்தாள், டிரில் மாஸ்டரைப் பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட பேஜாரு புட்ச்சவனே! இதுக்கா ஒரு நாள் பொயப்ப வுட்டுட்டு வந்தேன்?" என்று மகன் முதுகில் ஒன்று வைத்தாள். போகும்போது, "ஒரு நாளு நம்ம வூட்டாண்ட வா சார். பெரிய இறாலா கீது" என்று கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனதும் லியோனார்ட் பரசுராமனைத் தனியே கூப்பிட்டு, நாசூக்காகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "கருவாடுன்னு கூப்ட்டா கஷ்டமா இருக்காடா?"

"எனுக்கின்னா சார் கஷ்டம்? கருவாடு நல்லாத்தான கீது." பரசுராமன் கொஞ்சம் யோசித்தான். "லூயிஸுக்குத்தான் சார் ஆவாது. பஸ்ல ஜன்னலாண்ட குந்திகினு சட்டைய மோந்து மோந்து பாப்பான்."

லூயிஸ் எட்டாம் வகுப்பு. அதிர்ந்து பேசாத பையன். லியோனார்டுக்கு அவன் முகம் அப்போதுதான் தெளிவாக மனதில் வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் காத்திவாக்கம் போகும் எண்ணூர் பஸ்ஸில் ஏறினார். கெங்கம்மா கழிமுகத்துச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். கரையில் பத்துப் பதினைந்து பையன்கள், நடுவில் லூயிஸும். அவரைக் கண்டதும் எல்லாரும் விறைத்து நின்றார்கள். "டிரில் இல்லடா, சும்மா இருங்க" என்று சொல்லிக்கொண்டே ஓரடி முன்னே வைத்தார். சேறு காலை வாரிவிட்டது. வெள்ளைக் கால்சராயோடு மல்லாந்து தண்ணீரில் விழுந்தார். இடுப்பளவு தண்ணீர்தான். ஆனாலும் கையையும் காலையும் அடித்து, "புடிங்கடா! புடிங்கடா!" என்று அலறினார்.

துறைமுகத்துக்காரர் மகனுக்கு நீச்சல் தெரியாது!

முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. கெங்கம்மாதான் ஆரம்பித்துவைத்தாள். பிறகு கரையே சிரித்தது. எழுந்து நின்று மூக்கிலிருந்து சேற்றைச் சிந்திய லியோனார்டும் சிரித்தார். அவர் பல்லைப் பையன்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

"லூயிஸ், நீ நல்லா நீந்துவியா?" என்று கேட்டார்.

பெயரைக் கேட்டு அவன் தலை நிமிர்ந்தான். "நீந்துவேன் சார்."

"எனக்குக் கத்துக் குடுப்பியா?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடம். லூயிஸ்தான் வாத்தியார். அவர் பிடரிக்குக் கீழே கையை வைத்து மிதக்கவிடுவான். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காதவனுக்குத் தண்ணீருக்குள் அப்படியொரு அதிகாரம் வந்துவிடும். "கய்த்த வுடு சார். கல்லு மாரி பண்ணாத. நான் புட்ச்சிகினு கீறேன்ல?" லியோனார்ட் கழுத்தை விட்டார். மேலே வானம், காதுக்குள் தண்ணீர், எங்கோ தூரத்தில் ரயில் சத்தம். இருபது வருடத்தில் இப்படி எதையும் பிடித்துக்கொள்ளாமல் அவர் படுத்ததில்லை.

விஷயம் பள்ளிக்கூடத்துக்குள் பரவ எத்தனை நாளாகும்? ராயபுரத்துப் பையன்கள் வந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி நாலு பேர் வந்தார்கள். தண்டையார்பேட்டை இரட்டையர்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. காத்திவாக்கத்துப் பையன்கள் ஆளுக்கு இருவராகப் பிரித்துக்கொண்டார்கள். ஆழத்தில் தன்னைத் தாங்கிப் பிடித்திருப்பவனை எவனும் கருவாடு என்று கூப்பிடத் துணிய மாட்டான். "லூயிஸ், வுட்றாதடா! லூயிஸ், நல்லா புடிடா!" என்றுதான் கத்தினார்கள். அந்தக் கத்தல் திங்கட்கிழமை வகுப்பறைக்கும் அப்படியே வந்துவிட்டது.

ஹென்றி சாமியார் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு மட்டும் குடையும் கையுமாக வந்து கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "டிரில் பீரியடை இங்கேயே மாத்திடலாம் போல" என்றார்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு ஞாயிறன்று லியோனார்ட் கழிமுகத்துக் கால்வாயைக் குறுக்கே நீந்திக் கடந்தார். பக்கத்தில் லூயிஸ், பின்னால் பரசுராமன். அக்கரையைத் தொட்டுத் திரும்பி வந்தபோது கரையிலிருந்த முப்பது பையன்களும் தண்ணீரில் குதித்தார்கள். கெங்கம்மா மிளகாய் போட்டு இறால் வறுத்துக்கொண்டு நின்றாள். வாசனை தண்ணீர்மேல் வந்தது. ஆனால் லியோனார்ட் மட்டும் மார்பளவு தண்ணீரிலிருந்து நகரவில்லை.

"இன்னா சார், ஆறிப் பூடும், வா!" என்றாள் கெங்கம்மா.

"நீ கொஞ்சம் அந்தாண்ட திரும்பு கெங்கம்மா."

"இன்னாத்துக்கு?"

லூயிஸ் முங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். சிரிப்பில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. "சாரோட டவுசரு... அக்கரையாண்ட போய்க்கினு கீது!"

அதைத் துரத்திக்கொண்டு முப்பது பையன்கள் நீந்தினார்கள்.